பாரத் பவன்: முகப்பே இல்லாத கலை மையம்

கேள்வி இது: போபாலில் இருக்கும் பாரத் பவனைக் கட்டடக்கலை மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். ஆனால் நேரில் போய் வாசலில் நின்றால் கட்டடம் என்று சொல்ல எதுவும் கண்ணில் படுவதில்லை. சில தாழ்வான சுவர்கள், படிகள், புல்தரை, அவ்வளவுதான். இதில் அப்படி என்ன சிறப்பு? இந்தியக் கலையில் இதற்கு என்ன இடம்?

கண்ணில் படாமல் இருப்பதுதான் முதல் சிறப்பு. இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து. முன்பக்கம், பின்பக்கம் என்று பிரிக்காமல் கட்டிய இந்த இடத்தில், நகரத்து ஓவியரையும் ஆதிவாசி ஓவியரையும் முன்வரிசை, பின்வரிசை என்று பிரிக்காமல் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கட்டடத்தையும் அருங்காட்சியகத்தையும் தனித்தனியாகப் பேசினால் பாதி விஷயம் கைநழுவிவிடும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். போபால் ஏரிகளின் ஊர். அதில் பெரிய ஏரியை 11ஆம் நூற்றாண்டில் ராஜா போஜன் கட்டியதாக ஊரில் சொல்வார்கள். அந்த ஏரிக்கரையில் ஷாம்லா குன்று. குன்றின் சரிவு மெதுவாக இறங்கித் தண்ணீரைத் தொடும். எதிர்க்கரையில் பழைய நகரம் தெரியும். ஒரு மாநிலத் தலைநகரில், இப்படி ஓர் இடத்தில், அரசு செலவில் கலை மையம் கட்டச் சொன்னால் பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி குன்றின் தலையில் பெரிதாக ஒன்றை எழுப்புவார்கள். தூண், குவிமாடம், அகன்ற படிக்கட்டு எல்லாம் வரும்.

இந்த மையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அதைச் செய்யவில்லை. மேலே எழுப்புவதற்குப் பதிலாகச் சரிவுக்குள் இறங்கினார். 1970களின் நடுவில் தொடங்கிய வேலை 1982 பிப்ரவரி 13 அன்று திறப்புவிழா கண்டது. திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி.

சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் நீங்கள் நிற்பது வளாகத்தின் உச்சியில். அங்கிருந்து தளம் தளமாக, மேடை மேடையாக நிலம் ஏரியை நோக்கி இறங்குகிறது. சில தளங்களில் புல், சிலவற்றில் கல் பாவிய தரை, இடையிடையே உட்காரத் தோதான குட்டைச் சுவர்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இந்தத் தளங்கள் வழியே நேராக ஏரி வரை இறங்கிப் போகலாம். மற்றொன்று, பக்கவாட்டில் திரும்பிப் படி இறங்கி, நிலத்துக்குள் பள்ளமாக அமைந்திருக்கும் முற்றங்களுக்குப் போகலாம். முற்றங்கள் மூன்று. காட்சிக்கூடம், அரங்கு, நூலகம் எல்லாவற்றுக்கும் வாசல் அந்த முற்றங்களில்தான்.

முற்றத்தில் இறங்கித் திரும்பிப் பார்க்கும்போதுதான் ஒன்று உறைக்கும்: சற்று முன் புல்தரை என்று நினைத்து நடந்தோமே, அது அருங்காட்சியகத்தின் கூரை. அதாவது, உள்ளே போகும் முன்பே கட்டடத்தின் தலைமேல் ஏறி நடந்து வந்திருக்கிறோம். படிப்பு, உடை, பதவி எதுவும் கேட்காமல் கட்டடம் எல்லாரையும் தன் மேலேயே நடக்க விடுகிறது. பெரிய வாசலும் நெடிய முகப்பும் உள்ள அருங்காட்சியகங்களுக்குள் நுழையும்போது சாதாரண மனிதருக்கு உடம்பு சற்றுக் கூசும். நமக்கு இங்கே வேலை இருக்கிறதா என்று தோன்றும். அந்தக் கூச்சத்துக்கு இங்கே இடம் இல்லை. மாலையில் ஏரிக்காற்று வாங்க வந்தவர்கூட நாலு படி இறங்கினால் ஓர் ஓவியத்தின் முன்னால் நிற்பார்.

சரி, நிலத்துக்குள் புதைந்த கட்டடத்தில் வெளிச்சம் எப்படி? மேலே தளத்தில் ஆங்காங்கே கான்கிரீட் கூடுகள் தலைநீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் அவற்றைச் சிற்பம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவை வெளிச்சம் உள்ளே இறங்கும் வழிகள். தளங்களின் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் நீளமான இடைவெளிகள் விட்டிருக்கிறார்கள். அவற்றின் வழியாகவும் வெளிச்சமும் காற்றும் வரும். வெயில் நேராக ஓவியத்தின் மேல் விழாது, சுவரில் பட்டுத் தணிந்துதான் வரும்.

முற்றத்தைப் பார்த்த திறப்புகளில் இரட்டைக் கதவு. உள்பக்கம் கண்ணாடியும், காற்றுக்காகத் திறந்து மூடும் பலகைகளும். வெளிப்பக்கம் பெரிய மரக்கதவுகள், இரவில் பூட்டுவதற்காக. பகலில் மரக்கதவை விரியத் திறந்துவிட்டால் முற்றமும் கூடமும் ஒன்றாகிவிடும். நம் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் 1970களில் அரசுக் கட்டடம் என்றால் நீண்ட நடையும் இருபுறமும் அறைகளும் என்றுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கொரியாவுக்கு இது திடீரென்று தோன்றிய யோசனை அல்ல. 1930இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், அமெரிக்காவில் மிச்சிகனிலும் எம்.ஐ.டி.யிலும் படித்தவர், 1958இலிருந்து பம்பாயில் சொந்தமாகத் தொழில் செய்தவர். சபர்மதி ஆசிரமத்தில் அவர் கட்டிய காந்தி நினைவு அருங்காட்சியகம் 1963இல் முடிந்தது. ஓட்டுக்கூரை, செங்கல் தூண்கள், நடுவே திறந்த முற்றங்கள், கண்ணாடி ஜன்னலே இல்லாமல் மரப்பலகைத் தடுப்புகள் என்று அதிலேயே இந்தச் சிந்தனை தொடங்கிவிட்டது. வெப்ப நாட்டில் வாழ்பவனுக்கு நாள் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடைந்து கிடப்பது இயல்பு அல்ல என்பது அவர் வாதம். காலையில் திண்ணை, நடுப்பகலில் உள்ளறை, மாலையில் முற்றம், இரவில் மொட்டைமாடி என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவன் அவன். அப்படியானால் வானம் பார்த்த இடங்களும் அறைகள்தான். அவற்றையும் கணக்கில் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

இதற்கு அவர் சான்று காட்டிய இடங்களில் ஸ்ரீரங்கம் ஒன்று. தென்னகத்துப் பெருங்கோயில்களைக் கோபுரங்களின் தொகுப்பாக மட்டும் பார்க்கக் கூடாது, கோபுரங்களுக்கும் சன்னிதிகளுக்கும் இடையில் வானத்தின் கீழ் நாம் நடந்து கடக்கும் பிரகாரங்கள்தான் அனுபவத்தின் பெரும்பகுதி என்று அவர் எழுதியிருக்கிறார். திருவிழா நாளில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாரத் பவனில் நீங்கள் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியும் இப்படித்தான் போகும்: ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு, நிழலிலிருந்து வெயிலுக்கு, வெயிலிலிருந்து மறுபடி நிழலுக்கு. இரண்டு கூடங்களுக்கு நடுவில் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். அருங்காட்சியகங்களில் வழக்கமாக வரும் அந்தச் சோர்வு இங்கே வராததற்கு இதுவே காரணம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை கணக்கு எளிது. போபாலில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். கூரைமேல் மண்ணும் புல்லும் இருந்தால் வெயில் கான்கிரீட்டைச் சுடுவதற்கு முன் மண்ணைச் சுட வேண்டும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நிலத்தில் பதிந்த சுவர்கள் சூடேறுவதும் குறைவு. குறையும் உண்டு. மண் சுமக்கும் கூரை எங்கே கட்டினாலும் நீர்க்காப்பு வேலையில் ஓயாத கவனம் தேவைப்படும், அதுவும் மத்தியப் பிரதேசத்துப் பருவமழையில். இன்னொன்று, இந்த வடிவம் முழுக்க முழுக்கப் படிகளை நம்பியது. முழங்கால் வலி உள்ளவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் இங்கே சிரமப்படுவார்கள். எல்லாருக்கும் திறந்த இடம் என்று நான் மேலே சொன்னதில் இது ஒரு உண்மையான ஓட்டை. இன்று இப்படி ஒன்றைக் கட்டுபவர் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இப்போது உள்ளே நடந்தது. அர்ஜுன் சிங் முதலமைச்சராக இருந்த காலம் அது. பண்பாட்டுத் துறையை நடத்தியவர் இந்திக் கவிஞரும் ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான அசோக் வாஜ்பாய். மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் மையத்தை விட்டது. நுண்கலைப் பிரிவுக்கு ரூபங்கர், நாடகத்துக்கு ரங்கமண்டல், கவிதைக்கு வாகர்த், இசைக்கு அனஹத் என்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் அந்தத் துறைக்காரரையே தேடிப்பிடித்து உட்கார வைத்ததுதான் வாஜ்பாய் செய்த பெரிய காரியம்.

ரூபங்கருக்கு வந்தவர் ஜெகதீஷ் சுவாமிநாதன். 1928இல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியில் வேலை செய்தார், பத்திரிகையில் எழுதினார், பிறகு ஓவியத்துக்கு வந்தார். மலை, மரம், பறவை மூன்றையும் வெட்டவெளியில் மிதக்கவிட்ட அவருடைய ஓவியங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1962இல் நண்பர்களோடு சேர்ந்து 'குரூப் 1890' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கியவரும் அவரே. அடுத்த ஆண்டு டெல்லியில் அவர்கள் நடத்திய கண்காட்சிக்கு முன்னுரை எழுதியவர், அப்போது இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ். ஐரோப்பாவைப் பார்த்து எழுதுவதும் வேண்டாம், பழம்பெருமையைப் பார்த்து உருகுவதும் வேண்டாம் என்பது அந்தக் குழுவின் நிலைப்பாடு.

அப்படிப்பட்டவரிடம் ஒரு அரசு அருங்காட்சியகத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? கலைக்கல்லூரி மாணவர்களைக் குழு குழுவாக மாநிலத்தின் கிராமங்களுக்கு அனுப்பினார். அன்றைய மத்தியப் பிரதேசம் இன்றைய சத்தீஸ்கரையும் சேர்த்தது. பஸ்தர், சர்குஜா, மண்ட்லா, ஜாபுவா என்று ஆதிவாசிகள் நிறைந்த பகுதிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. பொருள்களைச் சேகரிப்பதோடு செய்தவர் யார் என்றும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். அதுவரை நம் அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பக்கத்தில் ஓர் இனத்தின் பெயர் இருக்கும், மாவட்டத்தின் பெயர் இருக்கும். செய்த மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. மானுடவியல் கண்ணாடிப் பெட்டிக்குள் அவை ஏதோ கடந்துபோன காலத்து மிச்சங்கள் போலக் கிடக்கும். சுவாமிநாதனின் கேள்வி நேரானது: நான் இன்று வரைகிறேன், அவரும் இன்று வரைகிறார்; அப்புறம் எப்படி என்னுடையது சமகாலக் கலை, அவருடையது தொல்பொருள்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ரூபங்கரில் நகரத்து நவீன ஓவியங்களையும் ஆதிவாசி, கிராமியக் கலைகளையும் ஒரே கூரையின்கீழ், ஒரே மரியாதையோடு வைத்தார்.

பூரி பாயின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜாபுவா மாவட்டத்தில் பிடோல் என்ற ஊரைச் சேர்ந்தவர், பில் என்ற ஆதிவாசி இனத்துப் பெண். பிழைப்புக்காக போபால் வந்து சித்தாள் வேலை பார்த்தார். நாள்கூலி 6 ரூபாய். அவர் மண்ணும் கல்லும் சுமந்த இடம் பாரத் பவனின் கட்டுமானத் தளம். அங்கே வேலை செய்த ஆதிவாசிப் பெண்களிடம் சுவாமிநாதன் போய், உங்கள் ஊரில் சுவரில் எப்படிப் படம் போடுவீர்கள், வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். பூரி பாய்க்கு அப்போது இந்தி சரியாக வராது. உட்கார்ந்து படம் வரைந்தால் அன்றைய கூலியை யார் தருவார்கள் என்பதுதான் அவர்களுக்கு வந்த முதல் சந்தேகம். நியாயமான சந்தேகம். நான் தருகிறேன் என்றார் சுவாமிநாதன். தாளும் தூரிகையும் போஸ்டர் வண்ணமும் கொடுத்தார்.

ஊரில் என்றால் மண்ணைக் குழைத்து, இலையைப் பிழிந்து, கரியை அரைத்து வண்ணம் உண்டாக்க வேண்டும். அதற்கே பொழுது போய்விடும். இங்கே குப்பியைத் திறந்தால் வண்ணம். வீட்டுச் சுவரில் வரைந்து பழகிய மயில், மரம், விலங்கு எல்லாம் தாளில் வந்தன. பில் ஓவியத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தூரத்தில் ஒரு மானாகவோ மரமாகவோ தெரிவது, கிட்டே போனால் முழுக்க முழுக்கப் புள்ளிகள். சோளக்கதிரில் மணிகள் வரிசை கட்டுவதுபோல், ஒன்றையொன்று தொடாமல், அதே சமயம் இடைவெளியும் விடாமல். வெள்ளைப் புள்ளி வரிசை, அதற்குள் மஞ்சள், அதற்குள் சிவப்பு. அந்தப் புள்ளிகளின் வேகத்திலும் திசையிலும்தான் அந்த மான் ஓடுகிறது. பில் சமூகத்தில் பிதோரா என்ற வழிபாட்டு ஓவியத்தை ஆண்கள்தான் வரைவார்கள். குதிரைகள் நிறைந்த அந்தச் சடங்கு ஓவியத்தைப் பெண்கள் தொடுவதில்லை. அப்படியொரு மரபிலிருந்து வந்த பெண்ணின் கையில் தாளும் வண்ணமும் கிடைத்ததும், சடங்குக்கு வெளியே தனக்கென்று ஒரு பரப்பு உருவானது. கிராமம், காடு, திருமணம், அப்புறம் நகரத்தில் பார்த்த பேருந்து, விமானம் என்று அவர் வரைந்துகொண்டே போனார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஒரு கலை மையத்தைக் கட்டக் கல் சுமந்தவரின் ஓவியம் அதே மையத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. உலகில் எத்தனை அருங்காட்சியகங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? பாரத் பவனைப் பற்றிப் பேசும்போது கொரியாவின் பெயரைச் சொல்பவர்கள் பூரி பாயின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஜன்கர் சிங் ஷ்யாமின் கதை இன்னும் பெரியது, வலியும் உள்ளது. மண்ட்லா பக்கம் பாட்டன்கர் என்ற ஊர். அவர் கோண்டு என்ற ஆதிவாசி இனத்தில் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர். பர்தான்கள் கோண்டு மக்களின் பாணர்கள்; பானா என்ற நரம்புக்கருவியை வாசித்து, அவர்களின் பெருந்தெய்வமான படா தேவனை அழைத்து, கோண்டு குடும்பங்களின் வம்சக் கதைகளைப் பாடிப் பரிசில் பெறுவது அவர்கள் மரபு. புரவலர்கள் வறியவர்களானதும் பாடல் வற்றத் தொடங்கியது. அந்த ஊருக்கு 1981இல் போன பாரத் பவன் குழு, ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியத்தைப் பார்த்து, வரைந்தவர் யார் என்று விசாரித்தது. இருபது வயதை ஒட்டிய இளைஞர். போபாலுக்கு அழைத்துவந்தார்கள். பாரத் பவனின் அச்சுக்கலைப் பிரிவில் வேலை கிடைத்தது. காகிதம், மை, அச்சுத்திரை எல்லாம் அங்கேதான் பழகினார்.

அவருடைய விலங்குகளைப் பாருங்கள். ஒரு கலைமானின் கொம்பு கிளைவிட்டு மரமாகும். அந்த மரத்தில் பறவை வந்து உட்காரும். உடலின் வெளிக்கோடு சுத்தமாக இருக்கும். உள்ளே புள்ளி வரிசைகளும் சீப்புப் பல் போன்ற சிறு கோடுகளும் நிரம்பி அதிர்ந்துகொண்டிருக்கும். அதற்குமுன் தாளில் உருவமே பெறாத தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். பாட்டில் இருந்ததைக் கோட்டுக்கு மாற்றினார் என்று சொல்லலாம். உறவினர்களையும் ஊர்க்காரர்களையும் போபாலுக்கு வரவழைத்துத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்றுக்கொடுத்தார். இன்று கோண்டு ஓவியம் என்று நாம் அறிவது பெருமளவு அவர் கையிலிருந்து கிளைத்தது. அந்தப் பாணியை 'ஜன்கர் கலம்' என்றே அழைக்கிறார்கள். 1989இல் பாரிஸ் பொம்பிடு மையத்தில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன. பின்னர் கொரியாவே வடிவமைத்த போபால் சட்டமன்றக் கட்டடத்திலும் சுவரோவியம் தீட்டினார். 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில், சுமார் நாற்பது வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த மரணம் பல கேள்விகளை எழுப்பியது. ஆதிவாசிக் கலைஞரைச் சமமானவர் என்று சொல்கிறோம். ஆனால் ஒப்பந்தம், சம்பளம், பயணம் என்று வரும்போது நகரத்து ஓவியருக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கு இருக்கிறதா? ஒரு சுவரில் சம உயரத்தில் மாட்டுவது எளிது. வாழ்க்கையில் அந்தச் சமம் வர நிறுவனங்கள் இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டியிருந்தது, இருக்கிறது. சுவாமிநாதனின் எண்ணத்தை நான் முழுதாக மதிக்கிறேன். அந்த எண்ணம் சுவருக்கு வெளியே எவ்வளவு தூரம் போனது என்ற கேள்வியையும் அதே அளவு மதித்தாக வேண்டும்.

வேறொரு விமர்சனமும் உண்டு. மண்சுவரில், திருவிழாவுக்கு வரைந்து, மழைக்கு அழிந்து, மறுபடி வரையும் கலையைக் காகிதத்துக்கு மாற்றியதால் அது விற்பனைச் சரக்காகிவிட்டது, இயல்பு கெட்டுவிட்டது என்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. சுவரில் வரைவதை யாரும் தடுக்கவில்லை. காகிதம் வந்ததால் வரைந்தவருக்குப் பெயர் வந்தது, சம்பாத்தியம் வந்தது, சொந்தக் கற்பனைக்கு இடம் வந்தது. மரபு மாறக் கூடாது என்று நகரத்தில் இருந்துகொண்டு விரும்புவது சுலபம்.

சர்குஜாவில் புஹ்புத்ரா என்ற ஊரில் சோனாபாய் ரஜவார் என்ற பெண், பல ஆண்டுகள் வீட்டைவிட்டு வெளியே போக வழியில்லாமல், தன் வீட்டுக்குள்ளேயே மண்ணால் சாளரப் பின்னல்களும் பறவைகளும் குரங்குகளும் மனித உருவங்களும் செய்து சுவரெல்லாம் நிரப்பியிருந்தார். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 1983இல் பாரத் பவன் குழு அங்கே போனது. அதன் பிறகு அவருக்குத் தேசிய அங்கீகாரமும் வெளிநாட்டுப் பயணங்களும் வந்தன, அந்த வட்டாரத்தில் பலர் அதே பாணியில் வேலை செய்யத் தொடங்கினார்கள். யாரும் தேடிப் போகாமல் இருந்திருந்தால் 'இயல்பு கெடாமல்' இருந்திருக்கும்தான். அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்தும் போயிருக்கும்.

இந்த அலை சென்னையையும் தொட்டது. ஜன்கரின் உறவினரான பஜ்ஜு ஷ்யாமின் ஓவியங்களையும், துர்கா பாய் வ்யாமின் ஓவியங்களையும் உலக அளவில் புத்தகங்களாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகம். அவற்றில் சில, கையால் செய்த தாளில், திரை அச்சில், ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே அச்சடித்த புத்தகங்கள். வீட்டில் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாரத் பவனின் அச்சுக்கூடத்தில் தொடங்கிய ஒரு கோடு உங்கள் அலமாரிவரை வந்திருப்பது தெரியும். பஜ்ஜு ஷ்யாம் 2018இலும் துர்கா பாய் 2022இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

நாடகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ரங்கமண்டலுக்கு 1981இல் வந்தவர் கன்னட நாடகக்காரர் பி.வி. காரந்த். சிறுவயதில் குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர், டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்துவிட்டு இங்கே வந்தார். மேடைமொழி என்றால் சுத்தமான இந்தி என்றிருந்த நிலையில் புந்தேலி, மால்வி, சத்தீஸ்கரி என்று மக்கள் பேசும் மொழிகளில் நாடகம் போட்டார். ரூபங்கரில் சுவாமிநாதன் செய்ததன் நாடக வடிவம் என்று இதைச் சொல்லலாம். அந்தரங் என்ற உள்ளரங்கு ஒன்று. பஹிரங் என்ற திறந்தவெளி அரங்கு இன்னொன்று. ஏரியைப் பார்த்து இறங்கும் படிவரிசை, நடிகர்களுக்குப் பின்னால் தண்ணீரும் வானமும். இசைக்கும் கவிதைக்கும் பெரிய விழாக்கள் நடந்தன. 1986இலிருந்து சமகால இந்தியக் கலைக்கு ஒரு பியனாலே, அதாவது ஈராண்டுக் கண்காட்சி, 1989இலிருந்து அச்சுக்கலைக்கு ஒரு சர்வதேச பியனாலே.

இவ்வளவும் நடந்த ஊரில்தான் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் நடுவே அரசுப் பணத்தில் கலைவிழா எதற்கு என்ற கேள்வி கடுமையாக எழுந்தது. கேட்டவர்களைக் கலைக்கு எதிரிகள் என்று ஒதுக்க முடியாது. மருந்துக்கு வரிசையில் நிற்கும் ஊரில் ஒரு கலை மையம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எளிய விடை கிடையாது.

1990இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. அதே ஆண்டோடு சுவாமிநாதனின் காலமும் முடிந்தது. 1994இல் அவர் காலமானார். அதன்பின் நிர்வாகம் பல முறை கைமாறியது. தொடக்க ஆண்டுகளின் துடிப்பு திரும்ப வரவில்லை என்பது கலைஞர்கள் பலரும் சொல்வது. எனக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. சட்டம் போட்டு அறக்கட்டளை அமைத்தாலும் பணம் அரசிடமிருந்தே வரும்போது, யார் ஆள்கிறார்கள் என்பது சுவரில் எந்தப் படம் தொங்குகிறது என்பதுவரை எதிரொலிக்கும். தனிமனிதர்களின் நட்பிலும் ஆர்வத்திலும் ஓடிய இடம், அவர்கள் போனதும் தடுமாறியது. கட்டடம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. பிற்பகலில் போய், வெயில் இருக்கும்போது கூடங்களைப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது தளங்களில் உட்காருங்கள். மாலையில் நாடகமோ கச்சேரியோ இருந்தால் விடாதீர்கள். அடுத்த நாள் அதே ஷாம்லா குன்றில் 2013இல் திறந்த மத்தியப் பிரதேசப் பழங்குடி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பூரி பாய் தன் வாழ்க்கைக் கதையையே சுவரில் வரைந்திருக்கிறார், சித்தாளாக இருந்த நாட்கள் உட்பட. ஆட்டோவில் ஏறி முகவரி சொல்லும்போது கவனியுங்கள், பாரத் பவன் இருக்கும் சாலைக்குப் பெயர் ஜெ. சுவாமிநாதன் மார்க்.